எழுதி வையுங்கள், பீரோவில் பூட்டுங்கள்

அப்பாவின் டைரியைக் கிழிக்கச் சொன்னது நான்தான். இந்தக் கட்டுரையில் நான் யாரையாவது திட்டப்போகிறேன் என்றால், முதலில் திட்டு வாங்க வேண்டிய ஆள் நான். அதைச் சொல்லிவிட்டே ஆரம்பிக்கிறேன்.

2017 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். ஜவுளிக்கடையில் வருஷாவருஷம் கொடுக்கும் டைரியில் எல்லாவற்றையும் எழுதி வைப்பார். போர்வெல் எத்தனை அடி, கேஸ் கனெக்‌ஷன் நம்பர் என்ன, யாருக்கு எவ்வளவு கைமாற்று கொடுத்தது, கொல்லையில் மாங்கன்று எந்த வருஷம் வைத்தது என்று சகலமும் இருக்கும். அந்த வருஷ டைரியின் கடைசி ஆறு பக்கங்களில் பாஸ்வேர்டுகள் இருந்தன. இமெயில், வருமான வரி, ரயில் டிக்கெட், பேங்க். நீல மையில், அழகான கையெழுத்தில், எண் போட்டு வரிசையாக.

நான் சிரித்துவிட்டேன். "என்னப்பா இது, திருடன் வந்தா காபி போட்டுக் குடுத்து இதையும் குடுத்து அனுப்புவீங்களா?"

"திருடன் வந்தா நகைய எடுப்பான், குத்துவிளக்க எடுப்பான். என் டைரிய எடுத்து என்னடா பண்ணுவான்?" என்றார்.

பதிலுக்கு நான் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். அப்புறம் அவருடைய போனில் ஒரு பாஸ்வேர்டு மேனேஜரை நிறுவினேன். டைரியில் இருந்த அத்தனையையும் அதற்குள் ஏற்றினோம். எல்லாவற்றையும் திறக்கும் ஒற்றை மாஸ்டர் பாஸ்வேர்டை அவரே யோசித்து வைத்தார். "என்கிட்டகூட சொல்லாதீங்க. எங்கேயும் எழுதாதீங்க. மண்டைக்குள்ள மட்டும் இருக்கணும்" என்றேன். அந்த ஆறு பக்கங்களும் மறுநாள் விடியற்காலை எண்ணெய்க் குளியலுக்கான வெந்நீர் அடுப்பில் போயின. அம்மாதான் போட்டாள். பாதுகாப்புத் துறையின் சிறந்த நடைமுறையை ஒரு சிற்றூர் வீட்டில் அமல்படுத்திவிட்ட பெருமையோடு சென்னைக்கு பஸ் ஏறினேன்.

2022 ஆகஸ்டில் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

*

மூளையின் இடது பக்கத்தில் அடைப்பு. வலது கை விழுந்துவிட்டது. அதைவிடப் பெரிய இழப்பு, பேச்சு. நாம் சொல்வது அவருக்குப் புரியும். பதில் அவருக்குத் தெரியும். ஆனால் சொல் வெளியே வராது. தண்ணீர் கேட்க வேண்டிய இடத்தில் 'கதவு' என்று வரும். எண்கள் இன்னும் மோசம். இரண்டு என்று சொல்ல நினைத்தால் எட்டு என்று வரும். தப்பு என்று அவருக்கே தெரியும், கண் கலங்கும்.

ஐசியூவில் இருந்த நாட்களில் அவருடைய போன் சார்ஜ் இல்லாமல் அணைந்துவிட்டது. மறுபடி போட்டபோது கைரேகையை அது ஏற்கவில்லை. அணைந்து எழுந்த போன் முதல் தடவை எண்ணைத்தான் கேட்கும். அதன் பிறகுதான் விரல். இது கோளாறு இல்லை. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். அந்த எண் எங்கள் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கும் தெரியாது. ஏனென்றால் அவர் நல்ல மாணவர். நான் சொன்னதை அப்படியே கடைப்பிடித்திருந்தார்.

அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, "முதல் எழுத்து மட்டும் சொல்லுங்கப்பா" என்று கேட்டேன். அவர் முயன்றார். ஒரு சொல் வந்தது, அது இல்லை என்று அவரே தலையாட்டினார். இன்னொன்று வந்தது. பத்து நிமிஷம் கழித்து அம்மா என் தோளைத் தொட்டு, "போதும்பா, விடு" என்றாள்.

சிம் கார்டைக் கழற்றி ஒரு பட்டன் போனில் போட்டேன். ஓடிபி வந்தது. வருமான வரி, ரயில் டிக்கெட், மின்கட்டணம் என்று ஏழு கணக்குகளை ஒரு மணி நேரத்துக்குள் திறந்துவிட்டேன். யோசித்துப் பாருங்கள். ஒன்றரை மணி நேரம் செலவழித்துக் கட்டிய கோட்டைக்குப் பின்பக்கம் கதவே இல்லை. யார் கையில் அந்த சிம் கிடைத்திருந்தாலும் இதையே செய்திருக்கலாம். சிம்முக்கு ஒரு பின் நம்பர் வைக்கலாம் என்று அப்பாவிடம் நான் சொன்னதே இல்லை. டைரியைப் பார்த்துச் சிரிப்பதில் மும்முரமாக இருந்தேன்.

திறக்காதவை இரண்டு. ஒன்று இமெயில். அதற்கு இரண்டாவது பூட்டாக நான் போட்ட செயலி, பூட்டிக் கிடக்கும் அதே போனுக்குள் இருந்தது. இன்னொன்று பாஸ்வேர்டு மேனேஜர். அதை நடத்தும் நிறுவனத்தாலேயே திறக்க முடியாது. மாஸ்டர் பாஸ்வேர்டு அவர்களிடம் கிடையாது. அதுதான் அந்தத் தொழில்நுட்பத்தின் பெருமை. நானே பல பேரிடம் பெருமையாகச் சொன்னதும் அதைத்தான்.

பேங்க் விஷயம்தான் எனக்குப் பாடம். அப்பா பேரில் மட்டும் இருந்த கணக்கு. செயலி வழியாக ஒன்றும் நடக்கவில்லை. கிளைக்குப் போனேன். மேலாளர் நிதானமாக, "கையெழுத்துப் போட முடியாதவங்களுக்கு ரூல் இருக்கு சார்" என்றார். கையெழுத்திட முடியாத நோயாளி கைவிரல் ரேகை வைக்கலாம். அதுவும் முடியாவிட்டால் கால்விரல் ரேகை வைக்கலாம். வங்கிக்குத் தெரிந்த இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அலுவலர். ரிசர்வ் வங்கியின் விதி அது. மேலாளரே ஒரு நாள் மாலை வீட்டுக்கு வந்தார். அப்பாவின் இடது கட்டைவிரலில் மை தடவினார். மருத்துவச் செலவுக்குப் பணம் கிடைத்தது.

மனிதனுக்குக் கை விழுந்துவிடலாம் என்று காகிதத்தின் உலகம் யோசித்து வைத்திருக்கிறது. கால்விரல் வரைக்கும் யோசித்திருக்கிறது. நாங்கள் கட்டிய உலகம் ஒரு ஆரோக்கியமான, ஞாபகசக்தி உள்ள, என்றைக்கும் சாகாத தனி மனிதனுக்காகக் கட்டப்பட்டது.

*

'எங்கேயும் எழுதி வைக்காதே' என்ற கட்டளை எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்து வரவில்லை. கணினியில் பாஸ்வேர்டு முதன்முதலில் புழக்கத்துக்கு வந்த இடங்களில் ஒன்று 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகம். பல பேர் ஒரே கணினியைப் பங்குபோட்டுக்கொண்ட இடம் அது. 1962-ல் ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர் தனக்கு ஒதுக்கிய கணினி நேரம் போதாமல், எல்லாருடைய பாஸ்வேர்டுகளும் இருந்த கோப்பை அப்படியே அச்சிட்டு எடுத்துக்கொண்டார். பாஸ்வேர்டின் வரலாறே இப்படித்தான் தொடங்குகிறது. திருட்டுப் போனது பயனரின் மேசையிலிருந்து அல்ல, கணினியை நடத்தியவர்களின் கையிலிருந்து.

அதற்குப் பிறகு அலுவலகங்கள் வந்தன. ஒரே கூடத்தில் நாற்பது பேர் உட்காரும் இடத்தில், கணினித் திரையின் ஓரத்தில் மஞ்சள் சீட்டில் பாஸ்வேர்டை ஒட்டி வைத்தால் ஆபத்துதான். பக்கத்து சீட்காரர், கூட்டிப் பெருக்க வருபவர், விருந்தாளி என எல்லோரும் படிப்பார்கள். அங்கே 'எழுதாதே' என்பது சரியான விதி. அதையே ஆணி அடித்தாற்போல வீட்டுக்கும் சொன்னதுதான் தவறு. ஃபாக்டரியில் ஹெல்மெட் போடு என்பது நல்ல விதி. அதற்காகச் சமையலறையில் அம்மாவை ஹெல்மெட் போடச் சொல்ல மாட்டோம்.

எழுதக்கூடாது என்றால் மனிதன் என்ன செய்வான்? ஞாபகம் நிற்பதாக வைப்பான். 1979-ல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் 3,289 பாஸ்வேர்டுகளைச் சேகரித்துப் பார்த்தார்கள். அவற்றில் 86 சதவீதம் மிகச் சிறியவை, அல்லது அகராதிச் சொற்கள், அல்லது அந்த மாதிரி எளிதில் சிக்குபவை. முப்பது வருஷம் கழித்து, 2009-ல், ராக்யூ என்ற நிறுவனத்திலிருந்து 3.2 கோடி பாஸ்வேர்டுகள் கசிந்தன. நிறுவனம் அவற்றை எந்த மறையாக்கமும் இல்லாமல் பச்சையாகவே சேமித்து வைத்திருந்தது. அந்தப் பட்டியலில் முதலிடம் பிடித்தது 123456. மனித மூளை முப்பது வருஷத்தில் மாறவில்லை. மாறாது. அது பாஸ்வேர்டு வைக்கிற பெட்டியே இல்லை.

மூளை ஒத்துழைக்கவில்லை என்றதும் நாங்கள் என்ன செய்தோம்? விதியைக் கடுமையாக்கினோம். பெரிய எழுத்து ஒன்று, எண் ஒன்று, ஆச்சரியக்குறி ஒன்று, தொண்ணூறு நாளுக்கு ஒருமுறை மாற்று. 2003-ல் அமெரிக்காவின் என்ஐஎஸ்டி நிறுவனத்தில் பில் பர் எழுதிய வழிகாட்டுதலிலிருந்து உலகம் முழுக்கப் பரவிய விதிகள் இவை. 2017-ல், ஓய்வு பெற்ற பிறகு, தான் எழுதியதில் பெரும்பகுதிக்கு வருந்துவதாக அவரே ஒரு பத்திரிகையிடம் சொன்னார். அதே வருஷம் என்ஐஎஸ்டியும் அந்த விதிகளைக் கைவிட்டது: நீளம் முக்கியம், சிக்கல் முக்கியமில்லை, கசிந்ததற்கு அறிகுறி இல்லாமல் மாற்றச் சொல்லாதே என்று. ஆனால் நம் ஊர் இணையதளங்களில் பல இன்னமும் 'சிறப்புக் குறியீடு ஒன்று அவசியம்' என்று மிரட்டுகின்றன. ஜனங்களும் சாமி பேருக்குப் பின்னால் @123 சேர்த்து விதியைத் திருப்திப்படுத்துகிறார்கள். ஒரே பாஸ்வேர்டு, பத்து இடத்தில்.

எழுதி வைக்கச் சொன்ன நிபுணர்கள் இல்லாமல் இல்லை. மறையாக்கத் துறையில் பெரிய பெயரான புரூஸ் ஷ்னையர் 2005-லேயே சொன்னார்: ஞாபகம் வைக்க முடியாத அளவுக்குக் கடினமாக வைத்து, ஒரு சீட்டில் எழுதி, பர்ஸில் வையுங்கள், சின்னச் சின்னக் காகிதங்களைப் பத்திரமாக வைப்பது மனிதனுக்குப் பழகிய வேலை என்று. பிரிட்டன் அரசின் இணையப் பாதுகாப்பு மையமும் வீட்டில், கணினிக்குத் தள்ளி, கண்ணில் படாத இடத்தில் எழுதி வைக்கலாம் என்றே சொல்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், நான் தேடவில்லை. எழுதாதே என்று சொல்வது புத்திசாலித்தனமாக இருந்தது. அப்பாவைப் பார்த்துச் சிரிக்க வசதியாகவும் இருந்தது.

*

அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். என் டைரியை எடுத்துத் திருடன் என்ன பண்ணுவான்?

பாதுகாப்புத் துறையில் இந்தக் கேள்விக்குத்தான் முதலிடம். யாரிடமிருந்து காப்பாற்றுகிறோம், அவன் எந்த வழியாக வருவான் என்று யோசிக்காமல் பூட்டு வாங்கக்கூடாது. அந்தப் பாடத்தை எனக்குக் கூலி கொடுத்துக் கற்றுக்கொடுத்தார்கள். அப்பா படிக்காமலேயே கேட்டார். நான் காதில் வாங்கவில்லை.

நம் வீட்டுப் பணத்தைத் தேடி வருபவன் பீரோவைத் திறப்பதில்லை. அவன் எங்கோ உட்கார்ந்து போன் செய்கிறான். கரண்ட் கட் பண்ணிடுவோம் என்கிறான், கேஒய்சி முடிஞ்சிடுச்சு என்கிறான், போலீஸ் யூனிஃபார்மில் வீடியோ காலில் வந்து உங்களை டிஜிட்டல் கைது செய்திருக்கிறோம் என்கிறான். திரையைப் பகிரும் ஒரு செயலியை இறக்கச் சொல்கிறான். இல்லையென்றால், எங்கோ கசிந்த பட்டியலில் கிடைத்த பாஸ்வேர்டை மற்ற தளங்களிலெல்லாம் போட்டுப் பார்க்கிறான். ஒரே சாவியைப் பத்து கதவுக்கு வைத்தவர்கள் வரிசையாக விழுகிறார்கள். இந்த இரண்டு ஆபத்துக்கும் உங்கள் வீட்டு நோட்டுக்கும் சம்பந்தமே இல்லை. சொல்லப்போனால் நோட்டு இரண்டாவது ஆபத்துக்கு மருந்து. எழுதிவைக்கலாம் என்ற தைரியம் இருப்பவர்தான் ஒவ்வொரு கணக்குக்கும் வேறு வேறு பாஸ்வேர்டு வைப்பார். இணையம் வழியாகக் காகிதத்தை யாரும் ஹேக் செய்ய முடியாது.

நம் வீட்டு பீரோவில் என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். வீட்டுப் பத்திரம், நகை அடகுச் சீட்டு, எல்ஐசி பாண்டு, பிள்ளைகளின் மார்க் ஷீட், பிறப்புச் சான்றிதழ். வாழ்நாள் உழைப்பின் பத்திரம் பட்டுப்புடவைக்கு அடியில், ஒரு மஞ்சள் பையில் இருக்கிறது. அதைப் பார்த்து எந்த இன்ஜினியரும் சிரிப்பதில்லை. இமெயில் பாஸ்வேர்டைக் கொண்டுபோய் அதன் பக்கத்தில் வைத்தால் மட்டும் சிரிக்கிறோம்.

*

மறுப்புகள் வரும். வரட்டும். சிலவற்றில் நியாயம் இருக்கிறது.

முதல் மறுப்பு, தீயும் வெள்ளமும். 2015 டிசம்பரில் சென்னையில் தரைத்தள வீடுகளில் பீரோவோடு காகிதங்கள் ஊறிப்போனதை நாம் பார்த்தோம். சரி. அதற்குப் பதில், இரண்டு பிரதி. ஒன்று பிளாஸ்டிக் கவரில் மேல் தட்டில், இன்னொன்று நம்பிக்கையான இன்னொரு வீட்டில்.

இரண்டாவது மறுப்பு, பாஸ்வேர்டு மேனேஜர் இதைவிடச் சிறந்ததாயிற்றே. ஆமாம், பல விதத்தில் சிறந்தது. நானே பயன்படுத்துகிறேன். போலி இணையதளத்தில் அது பாஸ்வேர்டைத் தானாக நிரப்பாது. மனிதக் கண் ஏமாறும் இடத்தில் அது ஏமாறாது. இந்த ஒரு குணத்துக்காகவே அதைப் பரிந்துரைப்பேன். ஆனால் அதுவும் மனிதர்கள் நடத்தும் கடைதான். 2022-ல் லாஸ்ட்பாஸ் நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பெட்டகப் பிரதிகளையே திருடிப்போனார்கள். பாஸ்வேர்டுகள் மறையாக்கத்தில் இருந்தன. எந்தெந்த இணையதளத்தில் கணக்கு இருக்கிறது என்ற முகவரிகள் பச்சையாக இருந்தன. மாஸ்டர் பாஸ்வேர்டைப் பலவீனமாக வைத்தவர்களுக்கு ஆபத்து. பலமாக வைக்க வேண்டுமென்றால்? ஞாபகம் நிற்காத அளவுக்கு நீளமாக வைத்து எழுதி வைக்க வேண்டும். ஆக மேனேஜரும் கடைசியில் காகிதத்திடம்தான் வந்து நிற்கிறது. சில மேனேஜர்களில் அவசரத்துக்குக் குடும்பத்தார் திறக்க வழி இருக்கிறது. நான் அப்பாவுக்கு அதை ஏற்படுத்தித் தந்திருக்கலாம். செய்யவில்லை. தவறு செயலியினுடையது அல்ல. அதை நிறுவியவனுடையது.

மூன்றாவது மறுப்புதான் கனமானது. வீடு எல்லோருக்கும் பாதுகாப்பான இடமா?

எனக்குத் தெரிந்த ஒரு பெண், என்னோடு முன்பு வேலை பார்த்தவர். கணவர் அவருடைய போனைத் தினமும் பார்ப்பார். தூங்கும்போது அவர் விரலையே எடுத்து வைத்துத் திறந்திருக்கிறார். சம்பளக் கணக்கின் பாஸ்வேர்டை எங்கே வைப்பது என்று அவர் என்னிடம் கேட்டபோது, பீரோவில் வையுங்கள் என்று நான் சொல்லியிருந்தால் அது துரோகம். பீரோச் சாவி யாரிடம் இருக்கிறது என்று கேட்காமல் பீரோவை யாருக்கும் பரிந்துரைக்கக்கூடாது. இந்தக் கட்டுரையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். நாம் 'வீடு' என்று சொல்லும்போது பெரும்பாலும் வீட்டில் அதிகாரம் உள்ளவரை மனதில் வைத்தே சொல்கிறோம்.

அவர் போனில் கைரேகையை எடுத்துவிட்டு எண்ணுக்கு மாறினார். பாஸ்வேர்டு மேனேஜர் ஒன்றை வைத்துக்கொண்டார். மாஸ்டர் பாஸ்வேர்டை மறந்தால் என்ன செய்வது? அதை ஒரு தாளில் எழுதி, உறையில் போட்டு ஒட்டி, ஒட்டிய வாயின் மேல் கையெழுத்துப் போட்டு, அக்கா வீட்டில் கொடுத்து வைத்தார். யாராவது பிரித்தால் தெரிந்துவிடும். அவருக்கும் காகிதம்தான் உதவியது. வீடுதான் வேறு. எனவே என் கட்சியைத் திருத்திச் சொல்கிறேன்: எழுதி வையுங்கள், உங்களுக்கு எந்தப் பீரோ பாதுகாப்போ அந்தப் பீரோவில் பூட்டுங்கள்.

*

எதை எழுதுவது, எதை எழுதக்கூடாது என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் இது வெறும் புலம்பல்.

ஏடிஎம் பின், யுபிஐ பின் இரண்டையும் எழுதாதீர்கள். நான்கோ ஆறோ எண்கள்தான், தினமும் பயன்படுத்துகிறோம், ஞாபகம் இருக்கும். அதைவிட முக்கியமாக, சட்டம் உங்கள் பக்கம் நிற்காது. வாடிக்கையாளரின் கவனக்குறைவால் பணம் போனால், வங்கிக்குத் தகவல் சொல்லும் வரையிலான நஷ்டம் வாடிக்கையாளருடையது என்கிறது 2017-ல் வந்த ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கை. பெங்களூருவில் ஒரு பெண், பிரசவ விடுப்பில் இருந்தபோது கணவரிடம் கார்டும் பின்னும் கொடுத்து அனுப்பினார். சீட்டு வந்தது, 25,000 ரூபாய் வரவில்லை. பின்னைப் பகிர்ந்தது விதிமீறல் என்று வங்கி கைவிரித்தது. 2018-ல் நுகர்வோர் மன்றமும் வங்கியின் பக்கமே தீர்ப்பளித்தது. பிள்ளை பெற்றுக் கிடப்பவள் தானே நடந்துபோய்ப் பணம் எடுக்க வேண்டும் என்று நினைக்கும் விதி அது. கோபம் வரும்தான். ஆனால் விதி அதுதான் என்பதால் பணத்தைப் பாஸ்வேர்டு வழியாகக் கைமாற்ற நினைக்காதீர்கள்; பத்திரம் வழியாக மாற்றுங்கள். பெற்றோரின் கணக்கை 'இருவரில் எவரேனும் அல்லது உயிருடன் இருப்பவர்' என்ற கூட்டுக் கணக்காக்குங்கள். நாமினியை நிரப்புங்கள். எங்கள் வீட்டில் ஒரு படிவம் இல்லாததால்தான் அப்பாவின் கட்டைவிரலுக்கு மை தேவைப்பட்டது.

எழுத வேண்டியவை இவை: போன் திறக்கும் எண். இமெயில் பாஸ்வேர்டு. மேனேஜர் வைத்திருந்தால் அதன் மாஸ்டர் பாஸ்வேர்டு. இரட்டைப் பூட்டுப் போடும்போது தரப்படும் மீட்புக் குறியீடுகள். பெரும்பாலோர் 'அப்புறம் பார்க்கலாம்' என்று தாண்டிப்போகும் திரை அதுதான். சிம் பின் வைத்திருந்தால் அதுவும். போனும் இமெயிலும் வேர்கள். அவை இருந்தால் மற்றதெல்லாம் மீண்டும் துளிர்க்கும்.

பாஸ்வேர்டை மூளையிலிருந்து எடுக்காதீர்கள். அதில் சாமி பேரும் பிள்ளை பேரும்தான் வரும். ஆர்னால்டு ரைன்ஹோல்டு 1995-ல் சொன்ன ஒரு முறை இருக்கிறது. பகடையை ஐந்து முறை உருட்டினால் 7,776 சொற்கள் கொண்ட பட்டியலில் ஒரு சொல் கிடைக்கும். அப்படி ஐந்தாறு சொற்களைக் கோத்துக்கொள்வது. எழுதி வைக்கப்போகிறோம் என்பதால் அர்த்தமில்லாமல் இருந்தாலும் கவலையில்லை.

திருடன் பயம் இன்னும் இருந்தால், ஒவ்வொன்றிலும் கடைசிச் சொல்லை எழுதாமல் விடுங்கள். அது வீட்டார் எல்லோருக்கும் தெரிந்த ஒரே சொல்லாக இருக்கட்டும்; முன்பு குடியிருந்த தெரு, வளர்த்த மாட்டின் பெயர். நோட்டை மட்டும் தூக்கிப்போனவனுக்கு முழுச் சாவி கிடைக்காது. நோட்டில் 'பாஸ்வேர்டு' என்று தலைப்புப் போடாதீர்கள். போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் யாருக்கும் அனுப்பாதீர்கள்; எடுத்த நொடியே அது காகிதம் இல்லை.

*

அப்பாவின் கைமாற்றுக் கணக்கை நான் இன்னும் சொல்லவில்லை. செயலி பழகிய பிறகு அதையும் அவர் டைரியில் எழுதுவதை நிறுத்திவிட்டு, மேனேஜரில் குறிப்புகள் என்ற பகுதியில் ஏற்றியிருக்கிறார். அம்மாவுக்குத் தெரிந்து மூன்று பேர். இரண்டு பேர் தாமாகவே வந்து திருப்பிக் கொடுத்தார்கள். மூன்றாவது ஆள் யார், எவ்வளவு என்று தெரியவில்லை. அப்பாவுக்குத் தெரியும். சில நாள் சாயங்காலம் திண்ணையில் உட்கார்ந்து தெருவில் போகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். சட்டென்று இடது கையைத் தூக்கி எங்களைக் கூப்பிடுவார். ஏதோ ஒரு பெயர் அவர் வாயில் வந்து நிற்கும். வெளியே வராது. பணம் போகட்டும். அவர் முகத்தில் அப்போது தெரிவதை என்னால் பார்க்க முடிவதில்லை.

களவு போனால் போலீஸிடம் போகலாம், வங்கியிடம் சண்டை போடலாம். மறந்துபோனதை யாரிடம் போய்க் கேட்பது? நாங்கள் இத்தனை வருஷமாகக் களவைப் பற்றி மட்டுமே ஜனங்களைப் பயமுறுத்தினோம். மறதியும் நோயும் மரணமும் எல்லா வீட்டுக்கும் வரும். களவு சில வீட்டுக்குத்தான் வரும்.

என் துறை நண்பர்களுக்கு ஒரே வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் போகும்போது பெரியவர்களின் டைரியைப் பார்த்தால் சிரிக்காதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, விட்டுப்போனதைக் கேட்டு, நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்களுடையதையும் எழுதி வையுங்கள். முப்பத்தைந்து வயதில் பக்கவாதம் வராது என்று எந்த வழிகாட்டுதலிலும் எழுதியிருக்கவில்லை.

சென்ற தை மாதம் அதே ஜவுளிக்கடையிலிருந்து புது டைரி வந்தது. அம்மா அதை நேராக என்னிடம் கொண்டுவந்து கொடுத்தாள். கடைசி ஆறு பக்கத்தை நான்தான் நிரப்பினேன். அப்பா பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். எண் போட மறந்துவிட்டேன் என்று விரலால் தட்டிக் காட்டினார்.